மினி 1275 ராலி என்ஜினை வீட்டிலேயே பிரித்துக் கட்டுவது எப்படி

நீளமான ஒரு வளைவில், மூன்றாவது கியரில், ஆக்சிலரேட்டரை விடாமல் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டிலிருந்து என் நேவிகேட்டர் சொன்னாள்: "அண்ணா, ஆயில் பிரஷர் விழுது." என் தங்கைதான் எனக்கு நேவிகேட்டர். ரோடு நேரானதும் முள் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. பேஸ் நோட்ஸின், அதாவது ரோட்டின் வளைவுகளை எழுதிவைத்த நோட்டின், ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அந்த ஸ்டேஜ் (ராலியில் நேரம் கணக்கிடும் ஒரு பகுதி ரோடு) முடிவதற்குள் ஏழு கோடுகள் விழுந்திருந்தன.

வீட்டுக்கு வந்து என்ஜினை இறக்கிப் பிரித்தபோது அந்த ஏழு கோடுகளுக்கும் விடை பேரிங் ஷெல்களில், அதாவது கிராங்க் சுழலும் மெல்லிய அரை வளையங்களில், இருந்தது. அன்றிலிருந்து ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். ராலி என்ஜினைக் கட்டும் வேலை புது பாகங்களை வாங்குவதில் தொடங்குவதில்லை, பழைய பாகங்களைப் பார்ப்பதில் தொடங்குகிறது. போன முறை எது இதைக் கெடுத்தது என்று தெரியாமல் கட்டினால், அதுவே மறுபடியும் கெடுக்கும்.

என்னுடையது மினியின் 1275 சிசி ஏ-சீரிஸ். 1951-ல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 சிசியாக வந்த குடும்பம் இது. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், கிராங்க்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங், வால்வுகளைத் திறக்கும் கேம் பிளாக்குக்குள்ளேயே. மான்டி கார்லோ ராலியில் மினி கூப்பர் எஸ் 1964-ல் 1071 சிசியோடு ஜெயித்தது. 1965, 1967 வெற்றிகள் 1275-க்கு. வீட்டில் கட்டுகிறவருக்கு இது நல்ல என்ஜின். சிறியது, மறைவிடம் குறைவு, பாகங்கள் இன்னும் செய்கிறார்கள். ஆனால் ஒரு குணத்தை மறக்கக் கூடாது: மினியில் கியர்பாக்ஸ் என்ஜினுக்கு அடியிலேயே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஆயில். கியர் பல்லில் தேயும் இரும்பும் அதே ஆயிலில்தான் சுற்றுகிறது.

திறப்பதற்கு முன்

ஸ்பேனரை எடுக்குமுன் என்ஜின் சூடாக இருக்கும்போதே கம்ப்ரஷனும் லீக்-டவுனும் (சிலிண்டருக்குள் காற்றடித்துக் கசிவை அளப்பது) பார்த்துவிடுங்கள். லீக்-டவுனில் காற்று எங்கே சீறுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கார்புரேட்டரில் என்றால் இன்லெட் வால்வு, சைலன்சர் குழாயில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்டோ ஹெட்டோ. நான்கு சிலிண்டருக்கும் நோட்டில் எழுதுங்கள். பிரித்த பிறகு இந்த எண்களை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

டிரெயின் பிளக்கின் காந்தத்தில் ஒட்டியிருப்பதை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு கியர்பாக்ஸின் வழக்கமான தேய்மானம். ஊசி போன்ற துண்டுகள் அப்படி இல்லை. ஆயில் ஃபில்டரை அறுத்துக் காகிதத்தை விரியுங்கள். அதில் செம்பு நிறம் மின்னினால் பேரிங் ஷெல்லின் மேற்பூச்சு போய் அடித்தட்டு தேய்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் எண். பிஸ்டன், ராட், ராட் கேப், மெயின் கேப், டேப்பெட், புஷ்ராட் எல்லாவற்றுக்கும். எது எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தது என்று தெரிந்தால்தான் தேய்மானத்தைப் படிக்க முடியும்.

ஷெல்களைப் படிப்பது

ஷெல்களை வரிசையாக, மேல் பாதி மேலே, கீழ் பாதி கீழே என்று ஒரு பலகையில் அடுக்குங்கள். நான் இந்த இடத்தில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பேன். அவசரமே இல்லை.

எரியும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அதனால் கனெக்டிங் ராடில் மேல் ஷெல்லும், மெயினில் கேப் பக்க ஷெல்லும் அந்த அடியைத் தாங்குகின்றன. அந்தப் பாதிகளில் மட்டும் பூச்சு உதிர்ந்து பொத்தல் விழுந்திருந்தால் டெட்டனேஷனை, அதாவது எரிபொருள் கட்டுமீறி வெடிப்பதை, சந்தேகியுங்கள். ஸ்பார்க் பிளக்கின் பீங்கானில் பொடிப் பொடியாக அலுமினியப் புள்ளி இருந்தால் சந்தேகமே வேண்டாம். ராடின் கேப் பக்க ஷெல் தேய்ந்திருந்தால் ஆர்பிஎம் அதிகம் போயிருக்கிறது, ஏனென்றால் உச்சியில் பிஸ்டனைப் பிடித்து இழுக்கும் பாரம் கேப்பின் மேல் விழுகிறது. சுற்றளவு முழுக்க நேர் கீறல்கள் இருந்தால் அழுக்கு. ஓரத்தில் மட்டும் பளபளவென்று ஒரு வளையம் இருந்தால், கிராங்க் கிரைண்டிங் செய்தபோது மூலையில் விட்ட வளைவில் ஷெல் உரசுகிறது. ராடில் எதிரெதிர் மூலைகள் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது.

என் ஷெல்கள் கறுத்து, பூச்சு ஒரு பக்கமாக இழுத்துப் பூசியது போல் இருந்தன. ஆயில் கிடைக்காமல் சூடேறிய அடையாளம் அது. மினியின் என்ஜின் குறுக்காக நிற்கிறது. நீள வளைவில் ஆயில் கியர்பாக்ஸின் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், சாதாரண உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். பேஸ் நோட்ஸின் ஏழு கோடுகளும் இதுதான். பதில் நடுவில் உறிஞ்சும் சென்ட்ரல் பிக்-அப். அதைப் போடாமல் நான் எத்தனை நல்ல ஷெல் வாங்கியிருந்தாலும் வீண்.

போரையும், அதாவது சிலிண்டரின் உட்சுவரையும், இப்படியே பாருங்கள். இன்லெட் குழாயில், ஏர் ஃபில்டருக்குப் பிறகு விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் மண் வந்தால் ஃபில்டரின் ரப்பர் ஓரம் சரியாக உட்காரவில்லை, உங்கள் ரிங்குகளை அந்த மண்தான் தின்றிருக்கிறது. புது ரிங் போடுமுன் அந்த ஓரத்தைச் சரிசெய்யுங்கள்.

மெஷின் ஷாப்புக்குக் கொடுப்பது

கிரைண்டிங், போரிங், பேலன்ஸிங், வால்வு சீட் வெட்டுவது எல்லாம் வீட்டில் ஆகாத வேலை. ஆனால் என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை. வாயால் சொன்னது மறந்துபோகும்.

போர் எவ்வளவு என்பதை முதலில் தீர்மானியுங்கள். 1275-ன் போர் 70.6 மிமீ, ஸ்ட்ரோக் 81.28 மிமீ. முதல் பெரிய சைஸ் அரை மிமீ அதிகம், அதில் 1293 சிசி வரும். அடுத்ததற்குப் போனால் 1300-ஐத் தாண்டிவிடுவீர்கள். 1300 வரையுள்ள வகுப்பில் ஓடுகிறவர் பிளாக்கை வாங்கும்போதே இதைப் பார்க்க வேண்டும்: ஏற்கெனவே இரண்டாவது சைஸ் போர் அடித்த பிளாக் உங்களுக்கு உதவாது. பழைய கார்களுக்கான ராலி என்றால் உங்கள் காரின் ஹோமோலகேஷன் தாளில் எது அனுமதி என்று பாகம் வாங்குமுன் படியுங்கள்.

நான்கு பிஸ்டன்களையும் பிளாக்கோடு கொடுங்கள். ஒவ்வொரு போரும் அதற்கான பிஸ்டனை அளந்து ஹோனிங் (கல்லால் தேய்த்துச் சரியான அளவாக்குவது) செய்யப்பட வேண்டும், பிஸ்டனில் எண் எழுதி வர வேண்டும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், அதனால் வார்ப்பு பிஸ்டனைவிட அதிக கிளியரன்ஸ் கேட்கும். பிஸ்டன் டப்பாவில் இருக்கும் எண்ணையே பின்பற்றச் சொல்லுங்கள். மெயின் கேப்களை முறுக்கி, ஹெட் இருக்கும் இடத்தில் டார்க் பிளேட் மாட்டி ஹோனிங் செய்ய முடிந்தால் நல்லது, ஏனென்றால் ஹெட்டை முறுக்கும்போது போர் சற்றே கோணுகிறது.

கிராங்க்குக்கு முதலில் காந்தச் சோதனை. விரிசல் இருந்தால் அதற்கு மேல் ஒரு வேலையும் செய்ய வேண்டாம். ஹெட்டுக்கு பிரஷர் டெஸ்ட். ஏ-சீரிஸ் ஹெட்டில் இன்லெட், எக்ஸாஸ்ட் சீட்டுகளுக்கு நடுவே உள்ள பாலத்தில் விரிசல் விடுவது சகஜம். எக்ஸாஸ்ட் சீட்டுகளைக் கடினமானவையாக மாற்றிவிடுங்கள். பழைய வார்ப்பிரும்பு சீட் ஈயம் இல்லாத பெட்ரோலில், ராலி சூட்டில் தாங்காது. பேலன்ஸிங்குக்கு கிராங்க், ஃபிளைவீல், கிளட்ச் கவர் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாக எழுதிக் கொடுங்கள்: பிளாக்கில் உள்ள ஆயில் கேலரி (ஆயில் போகும் துளை வழி) பிளக் எல்லாவற்றையும் எடுத்து, மரை போட்டு, ஆலன் ஸ்குரூ பிளக் பொருத்தும்படி மாற்ற வேண்டும்.

கழுவுவது

கேலரி பிளக்குகளை எடுக்கச் சொன்னது ஏன் என்று சொல்கிறேன். என் முதல் என்ஜினில் பிளாக் ஹோனிங் முடிந்து "கழுவியாச்சு" என்று திரும்பி வந்தது. பார்க்கப் பளிச்சென்று இருந்தது. நானும் மேலோட்டமாக ஒருமுறை பெட்ரோலில் துடைத்துவிட்டுக் கட்டினேன். 200 கிலோமீட்டர் கூட ஓடவில்லை. ஷெல்கள் முழுக்கக் கீறல். பிரித்தபின் ஒரு கேலரி பிளக்கைத் துளைத்து எடுத்து உள்ளே பிரஷை விட்டேன். சாம்பல் நிறக் களிம்பு வெளியே வந்தது. ஹோனிங் கல்லின் தூளும் இரும்பும் கலந்த களிம்பு. ஆயில் போகும் முதல் வழியே அதுதான், ஃபில்டருக்கும் பேரிங்குக்கும் நடுவில். ஃபில்டரால் அதைப் பிடிக்கவே முடியாது.

ஆகவே இப்போது நான் பிளாக் கழுவுவதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குகிறேன். சுடு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு திரவம், பல அளவுகளில் நீள பிரஷ்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கிரீஸைக் கரைக்கும், ஆனால் இரும்பின் நுண்துளைகளில் ஒளிந்த கல்தூளை வெளியே தூக்குவது சோப்புத் தண்ணீர்தான். பிளக் எடுத்த ஒவ்வொரு கேலரியிலும், மெயினிலிருந்து கேமுக்குப் போகும் துளைகளிலும், கிராங்க்கின் சாய்ந்த துளைகளிலும் பிரஷ் போய் வர வேண்டும். தண்ணீர் தெளிவாக ஓடும் வரை. அப்புறம் காற்று அடித்து, உடனே மெல்லிய ஆயில் பூச வேண்டும். வார்ப்பிரும்பு உங்கள் கண் முன்னாலேயே துருப் பிடிக்கும்; நீங்கள் ஒரு பக்கம் கழுவ, இன்னொருவர் காற்றும் ஆயிலுமாக நிற்பது நல்லது.

கடைசிச் சோதனை போருக்கு. வெள்ளைத் துணியில் என்ஜின் ஆயில் தொட்டு போரைத் துடையுங்கள். சாம்பல் நிறம் வந்தால் மறுபடி சோப்பு. எனக்கு நான்காவது முறைதான் துணி வெள்ளையாக வந்தது.

ஆயில் கூலர் இருந்தால், பேரிங் போன என்ஜினில் இருந்த கூலரைத் தூக்கிப் போடுங்கள். அதன் மடிப்புகளுக்குள் சிக்கிய துகளை எந்தக் கழுவலும் முழுதாக எடுக்காது. புது என்ஜின் முதல் முறை சூடேறும்போது அது வெளியே வந்து ஷெல்லில் உட்காரும்.

ஹெட் ஸ்டட் துளைகளையும் மரையைச் சுத்தம் செய்யும் டேப்பால் ஓட்டி, அடியில் தேங்கிய ஆயிலை உறிஞ்சி எடுங்கள். மூடிய துளையில் ஆயில் இருக்கும்போது ஸ்டட்டை இறுக்கினால் அந்த அழுத்தம் பிளாக்கையே பிளக்கலாம்.

கட்டுவது

மேஜையைத் துடையுங்கள், காற்று வீசும் கதவைச் சாத்துங்கள், வேலை நிற்கும் நேரமெல்லாம் பெரிய பிளாஸ்டிக் பையால் என்ஜினை மூடுங்கள். நூல் உதிரும் துணி வேண்டாம்.

முதலில் ஆயில் இல்லாமல் ஒரு பொய்க் கட்டு. கிராங்க்கை வைத்து, பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) துண்டு போட்டு, மெயின் கேப்களை 85 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். கிராங்க்கைச் சுற்றவே கூடாது. கழற்றி, நசுங்கிய அகலத்தை அளவுகோலோடு ஒப்பிடுங்கள். பொதுவான கணக்கு, ஜர்னல் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெயின் ஜர்னல் 50.8 மிமீ, ஆகவே 0.05 மிமீ அளவில் இருந்தால் எனக்குத் திருப்தி. திரஸ்ட் வாஷர்கள் நடு மெயினின் இரு பக்கமும், பள்ளக் கோடுகள் கிராங்க்கைப் பார்த்து. டயல் கேஜில் எண்ட் ஃபிளோட் (கிராங்க் நீளவாக்கில் நகரும் அளவு) 0.05-லிருந்து 0.08 மிமீ. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் இந்த வாஷர்கள் மேல் விழுகிறது, ராலியில் அது எத்தனை முறை என்று யோசியுங்கள்.

ரிங் கேப், அதாவது ரிங் முனைகளின் இடைவெளி. ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். போரின் ஒவ்வொரு மிமீக்கும் 0.004 மிமீ என்று எடுத்தால் இதற்குக் கிட்டத்தட்ட 0.28 மிமீ வருகிறது. ரிங் செய்தவர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி. குறைவாக இருந்தால் ஒரு முனையை மட்டும் ராவி, பிசிறை எடுங்கள். கேப் சற்றுக் கூடினால் கொஞ்சம் கம்ப்ரஷன் போகும். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி பிஸ்டனே உடையும்.

ராட் போல்ட் எப்போதும் புதிது. நல்ல போல்ட்டோடு அதன் லூப்ரிகன்டும் டார்க் எண்ணும் வரும். வேறு ஆயிலைத் தடவினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. முறுக்குமுன்னும் பின்னும் மைக்ரோமீட்டரால் நீளத்தை அளந்தால் இன்னும் நம்பலாம்.

இறுதிக் கட்டில் ஒவ்வொரு பாகத்தைப் போட்ட பிறகும் கிராங்க்கைச் சுற்றிப் பாருங்கள். மெயின்கள் மட்டும் இருக்கும்போது இரண்டு விரலால் சுற்ற வேண்டும். பிஸ்டன் ஏற ஏறக் கனம் சீராகக் கூடும். மூன்றாவதில் திடீரென்று கனத்தால் நான்காவதுக்குப் போகாதீர்கள், மூன்றாவதைக் கழற்றுங்கள்.

கேமும் ஹெட்டும்

ஏ-சீரிஸ் ஹெட்டில் இன்லெட் வழி இரண்டுதான். 1, 2 ஒரு வழியையும் 3, 4 இன்னொன்றையும் பகிர்ந்துகொள்கின்றன, ஒன்றின் காற்றை மற்றது பறிக்கிறது. ஆகவே மிக ஆக்ரோஷமான கேம் போட்டு மேல் ஆர்பிஎம்மில் கிடைக்கும் கொஞ்சத்துக்காக நடுவில் இருக்கும் இழுவையை விட்டுக்கொடுப்பது ராலிக்குச் சரிவராது என்பது என் கருத்து. கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வர உதவுவது நடு ஆர்பிஎம் தான்.

புது கேமுக்குப் புது டேப்பெட்கள். பழையதைப் புது லோபில் (கேமின் மேட்டில்) வைத்தால் இரண்டும் போகும். டைமிங் குறிகளை மட்டும் நம்ப வேண்டாம். டிகிரி வீலை மாட்டுங்கள். பிஸ்டன் ஸ்டாப்பை வைத்து இரு திசையிலும் முட்டும் இடத்தைக் குறித்து, நடுவைப் பிரித்தால் உண்மையான டாப் டெட் சென்டர், பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். அங்கிருந்து இன்லெட் முழு லிஃப்ட் கேம் தாளில் சொன்ன டிகிரியில் வருகிறதா என்று டயல் கேஜில் பாருங்கள்.

1275-க்கே உரிய ஆபத்து ஒன்று: லிஃப்ட் அதிகமான கேமோ பெரிய வால்வோ போட்டால் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கின் விளிம்பில் இடிக்கும். பிளாக்கில் அதற்குக் குழி வெட்ட வேண்டியிருக்கும். களிமண் உருண்டை வைத்து ஒருமுறை சுற்றிப் பார்த்து, நசுங்கிய தடிமனை அளந்துவிடுங்கள், பிஸ்டன் பக்கமும் பிளாக் பக்கமும்.

கம்ப்ரஷன் ரேஷியோவை ஊகிக்காதீர்கள். ஹெட்டில் எரிபொருள் எரியும் குழியான சேம்பரைப் பிளாஸ்டிக் தகட்டால் மூடி, பியூரெட்டில் திரவம் விட்டு அளங்கள். பிஸ்டன் குழி, கேஸ்கெட், பிளாக் மட்டத்துக்குக் கீழே பிஸ்டன் நிற்கும் இடம் எல்லாம் கூட்டுங்கள். என்னுடையதில் மொத்தம் 34 சிசி வந்தது. ஒரு சிலிண்டர் 319 சிசி ஆக இருந்தால், 353-ஐ 34-ஆல் வகுத்து 10.4.

ஹெட் நட்டுகள் ஸ்டாண்டர்ட் ஸ்டட்டுக்கு 68 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றுகளில். டேப்பெட் அட்ஜஸ்ட் செய்ய ஒன்பதின் கணக்கு: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவது, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஸ்டாண்டர்ட் கேமுக்கு 0.30 மிமீ, வேறு கேம் என்றால் அதன் தாளில் உள்ளது.

முதல் ஸ்டார்ட்

ஏ-சீரிஸின் ஆயில் பம்ப் காய்ந்திருந்தால் உறிஞ்சத் தயங்கும். பொருத்தும்போதே பம்ப்பை ஆயிலால் நிரப்புங்கள்; பிறகு வெளி ஆயில் குழாயின் இணைப்பு வழியாகவும் ஆயிலை உள்ளே செலுத்துங்கள். பிளக்குகளை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்றி, முள் எழுந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள். 2000-லிருந்து 2500 ஆர்பிஎம்மில், சற்று ஏற்றி இறக்கி, 20 நிமிடம். கேம் லோபுக்கு ஆயில் தெறிப்பது அந்த வேகத்தில்தான், ஐடிலில் அது காய்ந்து உரசும். துத்தநாகம் சேர்ந்த ஆயிலே ஊற்றுங்கள். தங்கை பிரஷர் கேஜில் கண் வைத்தாள், நான் கசிவைப் பார்த்தேன். சூடான என்ஜினில் ஓடும்போது 60 பிஎஸ்ஐ, ஐடிலில் 15-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

ஆறியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட்டை மறுபடி முறுக்கி, டேப்பெட்களைத் திரும்பப் பாருங்கள். ரிங் படிவதற்குப் பாரம் வேண்டும். மேட்டில் நடுத்தர ஆர்பிஎம்மில் இழுக்க விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை விட்டு இறங்குங்கள். நிறுத்தி வைத்து உறும விடுவதால் போர் வழுவழுவென்று ஆகிவிடும், ரிங் படியாது.

முதல் ராலிக்குப் பிறகு ஃபில்டரை அறுத்து, காகிதத்தில் ஒரு மடிப்பை வெட்டி, தேதி போட்டு நோட்டில் ஒட்டிவையுங்கள். ஸ்டேஜில் நேவிகேட்டரிடம் பென்சில் இருக்கட்டும். நீள வளைவில் முள் ஒருமுறை விழுந்தாலும் ஓரத்தில் ஒரு கோடு. கோடு இருந்தால் அடுத்த ஸ்டேஜுக்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் முள் விழுந்திருந்தால், காரை டிரெய்லரில் ஏற்றுங்கள்.